வழி நெடுகக் கேட்ட கேள்வி

கோகிலவாணியை யாராவது குரு என்று சொன்னால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். முப்பத்து மூன்று வயது. ஈரோட்டில், பெருந்துறை சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் ஆறு பேர் கம்பெனியில் இணையதளங்கள் எழுதுவது அவள் வேலை. கீழேயிருந்து தேங்காய் பன் வாசனை ஏறி வந்தால் பாதி வரியில் எழுந்து போய்விடுவாள். ஞானிக்குரிய லட்சணம் எதுவும் வெளியே தெரியாது.

சீடர் நாச்சிமுத்துவுக்கு வயது நாற்பத்தேழு. சென்னிமலைப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இருபது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். முதலாளியின் மகன் கூடத்தைக் கல்யாண மண்டபமாக மாற்றியபோது, வீட்டில் எல்லோரும் மளிகைக் கடை வைக்கச் சொன்னார்கள். இவர் போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் சிரித்ததையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பரீட்சையும் எழுதினார்.

இந்தக் கம்பெனிக்கு வந்து பதினான்கு மாதம். கற்றுக்கொடுத்தது கோகிலவாணி. அவர் அவளை அம்மணி என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். மற்றவர்கள் கிண்டலுக்குக் 'குருவம்மா' என்று பேர் வைத்தார்கள். நாச்சிமுத்து மட்டும் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் முதலாளி தண்டபாணி அவரைக் கூப்பிட்டு, ஒரு பக்கத்தை முழுசாக அவர் பொறுப்பில் விட்டார். அதுவரை நாச்சிமுத்து பார்த்ததெல்லாம் அடுத்தவர் பக்கங்களுக்கு எழுத்தைப் பெரிதாக்குவதும் நிறம் மாற்றுவதும்தான்.

அது ஓர் அறக்கட்டளையின் இரத்ததானத் தளம். எந்த வகை இரத்தம், எந்த ஊர் என்று கொடுத்துப் பொத்தானை அமுக்கினால், கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் பேரும் போன் நம்பரும் வர வேண்டும். வரத்தான் செய்தது, ஒன்பது செகண்ட் கழித்து. ஒன்பது செகண்ட் என்பது வாயால் சொல்லச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்.

"வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு அறக்கட்டளைக்காரங்க வர்றாங்க," என்றார் தண்டபாணி. "ரெண்டு செகண்டுக்குள்ள வரோணும். இல்லீன்னா கோயமுத்தூர் கம்பெனி ஒண்ணுகிட்ட பக்கத்தக் குடுத்தர்றேன்னு சொல்லியிருக்கறேன். நீங்க வருத்தப்படக் கூடாது."

"சரிங்க," என்றார் நாச்சிமுத்து.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், "ஒரு பக்கத்த முழுசா எங்கிட்டயே குடுத்துட்டாங்க" என்று மனைவியிடம் சொன்னார். அவள் அக்கம்பக்கம் நாலு வீட்டுக்காவது சொல்லியிருப்பாள். வெள்ளிக்கிழமை அதைத் திருப்பி வாங்கிக்கொண்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது என்பதுதான் அவர் பயம். வேறு பயம் எதுவும் அவருக்கு அந்த வாரம் இல்லை.

வேலை லோக்கல் சர்வரில் நடந்தது. அதாவது, தளம் முழுவதையும் அப்படியே பிரதி எடுத்து அவருடைய மேஜைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட விட்டிருந்தார்கள். நம்பர்களை மட்டும் மறைத்துவிட்டு, முப்பத்தோராயிரம் கொடையாளர்களும் உள்ளே இருந்தார்கள். என்ன செய்தாலும் வெளியே ஒருவருக்கும் பாதகமில்லை. பொத்தானை அமுக்கிப் பார்த்தார். ஒன்பது செகண்ட். வியாதி அப்படியே வந்து சேர்ந்திருந்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

எந்த இடத்தில் தாமதம் என்று காட்ட புரொஃபைலர் என்று ஒரு கருவி உண்டு. எந்த வேலை எவ்வளவு நேரம் தின்றது என்று பட்டியல் போடும். அதைப் பக்கத்தோடு மாட்டினார். ஒன்பது செகண்ட் பதினொன்று ஆனது. அது போட்ட பட்டியலைப் படிக்குமுன்பே, போதாதென்று பக்கத்தின் வரிகளுக்கு நடுவில் தன் கையாலும் காவல் வைத்தார். ஒவ்வொரு இடத்தைத் தாண்டும்போதும் 'இங்கே வந்தாயிற்று' என்று மணியோடு ஒரு கோப்பில் எழுதச் சொன்னார்.

தறிக்கூடத்திலும் அவர் இப்படித்தான். ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எத்தனை மீட்டர் ஆச்சு, எத்தனை மீட்டர் ஆச்சு என்று கேட்டபடியே இருப்பார். நல்ல சூப்பர்வைசர் என்று அதற்காகவே பேர் வாங்கியவர்.

செவ்வாய்க்கிழமை பதினாறு செகண்ட் ஆனது. இன்னும் நெருக்கமாகக் காவல் வைத்தார். புதன்கிழமை காலை இருபத்து மூன்று. எழுந்து கோகிலவாணியின் மேஜைக்குப் போனார்.

"அம்மணி, ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்ணா."

"பக்கம் ஏன் மெதுவா இருக்குதுன்னு மூணு நாளாத் தேடறனுங்க. தேடத் தேட இன்னும் மெதுவாயிட்டே போகுதுங்க. ஏன்னு தெரியலீங்க."

அவள் வந்து அவருடைய திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழே தள்ளினாள். மறுபடி மேலே போனாள்.

"வண்டி இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குதுங்க."

"மணிக்கூண்டு பக்கத்துல கேபிள் கடைக்குப் போயி, அஞ்சு மீட்டர் நெட்வொர்க் கேபிள் வாங்கிட்டு வந்தர்றீங்களா? எவ்வளவு நேரமாகும்?"

"போக வர அரை மணி நேரமுங்க. அதுக்கு மேல ஆகாது."

தலை போகிற வேலை இருக்கும்போது கேபிள் வாங்கப் போகச் சொல்கிறாளே என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னவள் குரு. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

சாலையில் ஏறியதுமே போன் அடித்தது. வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிற ஆள் இல்லை அவர். ஓரங்கட்டி, ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி எடுத்தார்.

"அண்ணா, எங்க இருக்கறீங்க?"

"இப்பத்தானுங்க ரோட்டுக்கு வந்தேன்."

"சரிங்ணா."

நூறடி போயிருப்பார். மறுபடி அடித்தது. ஓரங்கட்டி, ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இப்ப எங்கீங்ணா?"

"பெட்ரோல் பங்க்குக்கு எதுக்கால நிக்கறனுங்க."

"ஏன் நிக்கறீங்க?"

"நீங்க கூப்புட்டீங்களே அம்மணி."

"சரிங்ணா."

ரவுண்டானாவில் ஒரு தடவை. அதைத் தாண்டிப் பத்து கடை போவதற்குள் இன்னொரு தடவை. எந்தக் கடைக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். வளையல் கடை என்றார். சாலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். அதையும் சொன்னார். கேபிள் கடைக்காரர் சுருளைப் பிரித்து அளந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டு, இப்போது எத்தனாவது மீட்டர் என்று விசாரித்தாள். நாச்சிமுத்து அதைக் கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரர் கணக்கு விட்டுப்போய், முறைத்துவிட்டு, முதலிலிருந்து அளந்தார். திரும்பி வரும் வழியில் ஒன்பது அழைப்பு.

படியேறி வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவருக்கு அவள்மேல் கோபம் வந்தது.

"அரை மணி நேரம்னீங்களேண்ணா. ஏன் லேட்டு?"

"ஏன் லேட்டுன்னு என்னையக் கேக்கறீங்களா? பதினாலு தடவ கூப்புட்டிருக்கறீங்க. ஒவ்வொரு தடவையும் வண்டிய நிறுத்தி, ஹெல்மெட்டக் கழட்டி, பதில் சொல்லி, மறுக்கா மாட்டி. கடைக்காரர் என்னையப் பைத்தியக்காரன்னு நெனச்சுட்டாரு. எதுக்குங்க அம்மணி இத்தன தடவ கூப்புட்டீங்க?"

"நீங்க ஏன் லேட்டாகறீங்கன்னு கண்டுபுடிக்கத்தாங்ணா."

நாச்சிமுத்து கேபிளை மேஜைமேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய திரையில் 'இங்கே வந்தாயிற்று', 'இங்கே வந்தாயிற்று' என்று வரிசையாக நின்றது. ஹெல்மெட் மடியிலேயே இருந்தது.

மத்தியானம் முழுக்க அவர் வைத்த காவலை அவரே எடுத்தார். இருநூற்றுச் சொச்சம் வரிகள். ஒவ்வொன்றையும் வைத்தபோது எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தோன்றியது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. எல்லாம் எடுத்து முடித்து, புரொஃபைலரையும் கழற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். ஒன்பது செகண்ட். மூன்று நாளில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தார்.

மறுபடி அவளிடம் போனார்.

"அம்மணி, கேட்டா மெதுவாகுதுங்க. கேக்காம இருந்தா ஏன் மெதுவுன்னு தெரியறதில்லீங்க. அப்ப என்னதானுங்க பண்றது?"

"நான் உங்கள எத்தன தடவ கூப்புட்டிருக்கலாம்?"

நாச்சிமுத்து யோசித்தார்.

"கடையில போயி எறங்குனதும் ஒரே தடவ கூப்புட்டிருக்கலாமுங்க. போறப்ப லேட்டா, அதுக்கப்புறம் லேட்டான்னு தெரிஞ்சிருக்கும்."

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

வியாழக்கிழமை காலையில் அவர் பக்கத்தின் நட்ட நடுவில் ஒரே ஒரு கேள்வி வைத்தார். முன்பாதி கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்திருந்தது. தாமதம் பின்பாதியில். கேள்வியை எடுத்துவிட்டு, பின்பாதியின் நடுவில் வைத்தார். அங்கிருந்து அதில் பாதி. ஒரு தடவைக்கு ஒரு கேள்வி, பதில் வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டார். தறிக்கூடத்துக்காரருக்கு அது எளிதாக இல்லை. கை இரண்டாவது கேள்விக்கு நீண்டுகொண்டே இருந்தது.

பத்தரை மணிக்குக் கேள்வி ஓர் இடத்தில் வந்து நின்றது. அதற்குமேல் அவருடைய பக்கத்தில் பாதியாக்க ஒன்றும் மிச்சமில்லை. கொடையாளர்களின் விவரத்தை எடுத்துக் கொடுக்கும் ஒரு பொதுக் கோப்பு அது. நிறையப் பக்கங்கள் அதைத்தான் நம்பி இருந்தன.

சந்தேகத்துக்குப் புரொஃபைலரை ஒரு தடவை மட்டும் ஓட்டினார். பட்டியலின் தலையில் 'கோப்பில் எழுதுதல்' என்று இருந்தது. திங்கட்கிழமை முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்தது. தன் காவல் வரிகள் எழுதுவதைத்தான் அது சொல்கிறது என்று நினைத்து அவர் தாண்டிப் போயிருந்தார். இப்போது அவர் வரிகள் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் எழுதிக்கொண்டிருப்பது யார்?

அந்தப் பொதுக் கோப்பின் பேருக்கு மேலே அதை எழுதியவர் பேர் இருந்தது. கோகிலவாணி.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். மூத்தவர் முடித்துவைத்த கோப்பை மற்றவர் திறப்பதில்லை. ஓடுகிற கோப்பில் கை வைக்காதே என்பார்கள். சுவரில் எழுதி ஒட்டவில்லை என்றாலும் மீறியவர் கிடையாது. நாச்சிமுத்துவுக்கு அது வெறும் வழக்கமும் இல்லை. குரு எழுதியதில் போய்ச் சீடன் குற்றம் தேடுவதா என்று நினைத்தபோதே அவருக்குக் கூச்சமாக இருந்தது. பதினான்கு மாதத்தில் அந்தக் கோப்பை அவர் ஒருநாளும் திறந்ததில்லை.

அதைத் தொடாமலே சுற்றிப் போக வழி உண்டா என்று பார்த்தார். பதினொரு மணி ஆனது. சாப்பாட்டு நேரம் ஆனது. டிபன் பாக்ஸைத் திறந்து அப்படியே மூடினார். நாளைக்கு இந்நேரம் பக்கம் அவருடையதாக இருக்காது. மூன்று மணிக்கு எழுந்து போனார்.

"அம்மணி, உங்க கோப்பு ஒண்ணத் தொறந்து பாக்கோணுமுங்க."

"எதுங்ணா?"

சொன்னார்.

"அதுல ஒண்ணுமில்லீங்ணா. நாலு வருஷமா ஓடிட்டிருக்குது."

வேறு நாளாக இருந்தால் சரிங்க என்று திரும்பியிருப்பார். இன்றைக்கு நின்றார்.

"கேள்வி அங்க வந்துதானுங்க நிக்குது."

கோகிலவாணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து அவருடைய மேஜைக்கு வந்தாள்.

"தொறங்க."

திறந்தார். கோப்பு நீளமாக இருந்தது. மெதுவாகக் கீழே தள்ளினார். ஒவ்வொரு கொடையாளருக்கும் மூன்று இடத்தில் அவளும் காவல் வைத்திருந்தாள். 'பேர் வந்தாச்சு.' 'ஊர் வந்தாச்சு.' 'நம்பர் வந்தாச்சு.' முப்பத்தோராயிரம் பேருக்கும் மும்மூன்று தடவை, எங்கேயோ ஒரு கோப்பைத் திறந்து, எழுதி, மூடிக்கொண்டிருந்தது. எழுதியதை யாரும் எடுத்துப் படித்ததில்லை. வரிகளுக்குப் பக்கத்தில் நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு மார்ச் மாதத் தேதி இருந்தது.

நாச்சிமுத்து திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. தன் பக்கம் பிழைத்துக்கொண்டது என்ற சந்தோஷம்கூட அந்தச் சங்கடத்துக்குக் கீழேதான் கிடந்தது.

"மொதலாளிகிட்டச் சொல்ல வேண்டியதில்லீங்க," என்றார் மெல்ல. "நானே சத்தமில்லாம எடுத்தர்றேன். எம்பட வரிகளோட வரியாப் போயிரும்."

"மொதல்ல எடுங்ணா."

எடுத்தார். சேமித்தார். ஊர் ஈரோடு, வகை ஓ நெகட்டிவ் என்று கொடுத்துப் பொத்தானை அமுக்கினார். விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை அமுக்கினார். மூன்றாவது தடவைக்குக் கை போனபோது தானே இழுத்துக்கொண்டார்.

கோகிலவாணி, முதலாளி உட்காரும் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டது.

"இரத்ததானப் பக்கம் சரியாயிருச்சுங்க. ஒரு செகண்டுகூட ஆகறதில்ல. கண்டுபுடிச்சது நாச்சிமுத்தண்ணன். தப்பு என்னோடதுங்க. நாலு வருஷமா என்னோட கோப்புலதான் இருந்திருக்குது."

தண்டபாணியின் குரலும் கேட்டது.

"அப்ப பக்கம் அவருகிட்டயே இருக்கட்டும். நாளைக்கு அறக்கட்டளைக்காரங்ககிட்டயும் அவரே காட்டட்டும்."

அதைக் கேட்டபோது நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார்.

அவள் திரும்பி வந்து, தன் மேஜைக்குப் போகாமல், அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எடுத்துவிட்ட வரிகள் திரையின் ஓரத்தில் சிவப்பாகக் கோடு போட்டு இன்னும் தெரிந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தெந்த ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை பேர் எத்தனை தடவை ஒன்பது செகண்ட் நின்றார்கள் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாளோ என்னவோ. நாச்சிமுத்துவுக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"அம்மணி."

"சொல்லுங்ணா."

"இதெல்லாம் அப்ப எதுக்குங்க எழுதுனீங்க?"

"அது நான் வேலைக்குச் சேந்த புதுசுங்ணா. எனக்குக் குடுத்த மொதப் பக்கம். மெதுவா இருக்குது, ஏன்னு பாருன்னாங்க. பாத்துட்டிருக்கறப்பவே பெரிய சர்வரா மாத்திட்டாங்க. சரியாயிருச்சுன்னு வரிகள அப்படியே விட்டுட்டு எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டோம்."

"அப்ப ஏன் மெதுவுன்னு நீங்க கண்டுபுடிக்கவே இல்லீங்களா?"

கோகிலவாணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னிக்குத்தாங்ணா."